மாரடைப்பு வரப்போகிறவர்கள் கவனத்துக்கு

மாரடைப்பு வரப்போகும் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். தயவுசெய்து வேலை நாளாகப் பார்த்து, பகல் பதினொரு மணிவாக்கில் வரவழைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நடுராத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தனியார் ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பது அவ்வளவு நாகரிகம் இல்லை. இன்சூரன்ஸ் டெஸ்க்கில் ஆள் இருக்க மாட்டார். மச்சான் போனை எடுக்க மாட்டார். அடகுக்கடை சேட்டும் தூங்கிக்கொண்டிருப்பார்.

போகும்போது மறக்காமல் கூட ஓர் ஆளைக் கூட்டிப் போங்கள். ஆஸ்பத்திரி பாஷையில் அவருக்கு 'அட்டெண்டர்' என்று பெயர். நோயாளியை விட முக்கியமானவர் அவர்தான். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனதும் பரிசோதனை இரண்டு இடத்தில் தொடங்கும். உள்ளே டியூட்டி டாக்டர் உங்கள் நாடியைப் பார்ப்பார். வெளியே பில்லிங் கவுண்டரில் அட்டெண்டரின் நாடியைப் பார்ப்பார்கள். "கார்டா, கேஷா சார்?" "பேஷண்ட் எங்க வேலை பாக்குறாங்க?" "கம்பெனி இன்சூரன்ஸா, நீங்களே எடுத்ததா?" மூன்றே கேள்விதான். எந்த ஸ்கேனும் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு பணிவாகச் சொல்வார்கள்: "இப்போதைக்கு ஐம்பதாயிரம் கட்டிடுங்க. மீதியைக் காலையில பாத்துக்கலாம்." அட்டெண்டரின் கைப்பேசியில் இருப்பது பதினெட்டாயிரம். அவர் தன் மனைவியின் கையைப் பார்க்கிறார். அந்தம்மா வளையலைக் கழற்றத் தொடங்கிவிட்டார்.

மருத்துவத்தில் டிரையாஜ் என்று ஒரு முறை உண்டு. உயிருக்குப் போராடுகிறவருக்குச் சிவப்பு, அடுத்த நிலையில் இருப்பவருக்கு மஞ்சள், காத்திருக்கக்கூடியவருக்குப் பச்சை. யாரை முதலில் பார்ப்பது என்பதை உடம்பு தீர்மானிக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு. வியாபாரம் இதே முறையைக் கற்றுக்கொண்டு தனக்கென்று ஒரு பதிப்பு வைத்திருக்கிறது. கம்பெனி பாலிசிக்காரருக்குச் சிவப்புக் கம்பளம். சொந்தப் பணம் கட்டுகிறவருக்கு மஞ்சள் ரசீது. முதல்வர் காப்பீட்டு அட்டையை நீட்டுகிறவருக்கு, "பெட் இல்லைங்க, ஜி.எச்.சுக்குக் கொண்டுபோயிடுங்க."

நெஞ்சுவலியோடு வருகிறவருக்குப் பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது உலகமெங்கும் டாக்டர்கள் ஒப்புக்கொண்ட விதி. இரத்தக்குழாய் அடைத்திருந்தால் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டே போகும். டாக்டருக்கு இந்த அவசரம் ஒரு பயம். நிர்வாகத்துக்கோ இதுதான் மூலதனம். விலை கேட்டுப் பிடிக்காவிட்டால் எழுந்து போக முடியாத வாடிக்கையாளர் வேறு எந்தத் தொழிலில் கிடைப்பார்?

அந்த டியூட்டி டாக்டரைத் திட்டாதீர்கள். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, பி.ஜி. நீட்டுக்குப் படித்துக்கொண்டே இரவுப் பணி பார்க்கும் பிள்ளை. மாதாந்திர மீட்டிங்கில் அவரிடம் எத்தனை உயிரைக் காப்பாற்றினாய் என்று கேட்பதில்லை. எமர்ஜென்சிக்கு வந்ததில் எத்தனை அட்மிஷன் என்று கேட்கிறார்கள். அதற்கு 'கன்வர்ஷன்' என்று பெயர். மதமாற்றமே தேவலை, அதில் நம்பிக்கையாவது இருக்கும். வாயுப்பிடிப்பு என்று சரியாகக் கண்டுபிடித்து, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய டாக்டர் அங்கே உதவாக்கரை. "எதுக்கும் ஒரு நாள் ஐ.சி.யூ.வில் வச்சுப் பாத்துடலாம்" என்றவர் கெட்டிக்காரர். நோயாளி இறந்துபோனால் சொந்தக்காரர்களிடம் அடி வாங்குவதும் அதே பிள்ளைதான். லாபத்தில் பங்கு வாங்குகிறவர் எமர்ஜென்சி வாசல் பக்கம் தலைகாட்டுவதே இல்லை.

"சட்டம் இல்லையா?" என்று கேட்பீர்கள். சட்டத்துக்கு என்ன பஞ்சம்! ஸ்கூட்டரில் போன ஒருவரைக் கார் அடித்துப்போட்டது. பக்கத்து ஆஸ்பத்திரி, 'இது போலீஸ் கேஸ்' என்று சுமார் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பியது. போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பர்மானந்த் கட்டாரா தொடுத்த அந்த வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம், அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியாரானாலும் முதல் கடமை உயிரைக் காப்பது, சம்பிரதாயமெல்லாம் பிறகுதான் என்று தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாடோ 1997-ல் மருத்துவமனைகளை முறைப்படுத்தச் சட்டம் போட்டது. அதற்கு விதிகள் எழுதியது 2018-ல். சட்டத்தையே 21 வருஷம் வெயிட்டிங் ஹாலில் உட்கார வைத்தவர்கள், உங்களை ஒரு மணி நேரம் உட்கார வைத்ததற்கா வருத்தப்படப்போகிறார்கள்?

அரசு சும்மா இருந்தது என்று சொன்னால் பாவம். 2017-ல் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அதற்கு முன் அது லட்சத்தைத் தாண்டி விற்றது. சரி, ஒரு கதவை மூடியாயிற்று. வரம்பில்லாத ஊசிக்குழல், கையுறைக் கதவுகள்? தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2018-ல் டெல்லி வட்டாரத்தில் நான்கு தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களைப் புரட்டியபோது, சில பொருள்களில் லாபம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது. கந்துவட்டிக்காரர் கேட்டால் தொழிலை விட்டுவிட்டுச் சந்நியாசம் வாங்கிக்கொள்வார். இதற்குப் பரிகாரமாக 2023 டிசம்பரில் ஒரு புரட்சி நடந்தது. ஆஸ்பத்திரிகளுக்கு யு.பி.ஐ.யில் ஒரே தடவையில் அனுப்பக்கூடிய தொகையை ரிசர்வ் வங்கி 1 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தியது. வாங்குவதற்கு வரம்பு கட்ட முடியவில்லை. கொடுப்பதற்கு இருந்த வரம்பைத் தளர்த்திவிட்டார்கள். டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2024-ல் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு உத்தரவும் வந்தது. காலையில் "வீட்டுக்குப் போகலாம்" என்று கேட்டுவிட்டு, இருட்டும் வரை பையைக் கட்டிவைத்து உட்கார்ந்திருக்கும் குடும்பங்களின் கடிகாரம் ஏனோ அந்த உத்தரவைப் படிக்கவில்லை.

இதெல்லாம் மாற்றவே முடியாது என்பார்கள். முடியும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்குப் பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. பணம் அரசு தரும் என்றதும் அதே கட்டில், அதே டாக்டர், அதே மருந்து, முன்பணம் இல்லாமலே வேலை செய்கின்றன. ஆக, கையெழுத்தும் காசும் விழுந்தால்தான் வைத்தியம் ஓடும் என்பது மருத்துவ விதி அல்ல, கல்லாவின் விதி. விபத்துக்குக் கிடைத்த அந்த 48 மணி நேரம் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் பாம்புக்கடிக்கும் ஏன் கிடையாது? இவர்களெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் ஒரு லாரியில் உரசிக்கொண்டு வர வேண்டுமா?

ஆஸ்பத்திரி நடத்தச் செலவாகும். வென்டிலேட்டர் காற்றில் ஓடுவதில்லை. யாரும் ஓசியில் கேட்கவில்லை. பில்லை நியாயமாகப் போடு, பிழைத்த பிறகு கொடு என்கிறோம். அதற்கு அரசு செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. எமர்ஜென்சி வாசலில் கட்டண அட்டவணையைத் தமிழில் எழுதி மாட்டச் சொல்லட்டும். முதலுதவிக்கு முன்னால் முன்பணம் கேட்டதாகப் புகார் வந்தால், அன்றைய சி.சி.டி.வி. பதிவை எடுத்துப் பார்க்கட்டும். உண்மையென்றால் உரிமத்தைப் பறிக்கட்டும். காசு வாங்கிக்கொண்டுதான் கட்டிலைக் காட்டுவேன் என்கிறவர் தாராளமாக லாட்ஜ் நடத்தலாம். வாசலில் எமர்ஜென்சி என்று எழுதிக்கொள்ள அவருக்கு எந்த யோக்கியதையும் கிடையாது.