பஜ்ஜி மடிச்ச பேப்பரு

வா மாப்ளே, உக்காரு. கயித்துக் கட்டில்லயே உக்காரு, வாடகை கேக்க மாட்டேன்.

மறுக்கா வீடு வாங்கப் போறயாமா? அம்மிணி நேத்தே சொல்லுச்சு. போன வீடு போனப்ப நீ யாருகிட்டயும் மூச்சு விடல, நானும் கேக்கல. எதுக்குக் கேக்கோணும்? டீக்கடையில பஜ்ஜி மடிச்சுக் குடுத்த பேப்பர்லயே இருந்துச்சே! உன்ற பேரு, அப்பன் பேரு, நாலு பக்கமும் எவன் எவன் எடம்னு எல்லாம். சுவாதீன அறிவிப்பாமா. ரெண்டு பேப்பர்ல போடோணுமாம், அதுல ஒண்ணு நம்ம பாஷையில இருக்கோணுமாம். உன்ற கல்யாணத்துக்குக் கூட நாம பேப்பர்ல போடல.

நான் மூணாப்புத்தான். ஆனா நாள் எண்ணத் தெரியும். தவணை 90 நாள் நின்னா வாராக்கடன். பொறவு ஒரு நோட்டீசு, கட்டறதுக்கு 60 நாளு. அந்த 60 நாளும் நீ எங்க இருந்தே? தபால்காரரு தலையைக் கண்டாப் போதும், வாழைக்குத் தண்ணி கட்டப் போயிருவே. ஒத்தை வாழை, அதுவும் அழுகிப் போச்சு. பனியன் பார்ட்டி காசு தராம இழுத்தடிச்சது உன்ற தப்பில்ல கண்ணு. கவரைப் பிரிக்காம பீரோவுக்கு அடியில தள்ளுனது ஆரு, அவனா?

சரி, உடு. ஏலம் போயும் மிச்சம் நின்ன காசுக்குப் பேரம் பேசி முடிச்சயே, சிபில்ல அது ‘செட்டில்டு’ன்னு கெடக்குதா, ‘குளோஸ்டு’ன்னு கெடக்குதா? ஜாதகம் பாக்க வெள்ளகோயில் வரைக்கும் போவே. இந்த ஜாதகத்தை வருசத்துக்கு ஒருக்கா சும்மாவே தர்றாங்க, பாக்க மாட்டே. ‘செட்டில்டு’ன்னா, பந்தியில முழுசாத் தின்னுபோட்டுப் பாதி மொய் வெச்சவன்னு அர்த்தம். மிச்சத்தையும் கட்டி, பாக்கி இல்லைன்னு கடுதாசி வாங்கி, அதை ‘குளோஸ்டு’ ஆக்கு. 300ல இருந்து 900 வரைக்கும் மார்க்கு. 750 தாண்டுனா உன்னையும் உள்ள கூப்பிட்டு உக்கார வெப்பாங்க.

30 லட்சம் வரைக்கும் கடன்னா, வீட்டு மதிப்புல 90 சதம் தரலாம்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்குது. தரலாம்னுதான் சொன்னாங்க, நீ வாங்கியே தீரோணும்னு சொல்லல. முத்திரைக்கு 7, பதிவுக்கு 2, ஆக 9 சதம் உன்ற மடியிலிருந்துதான் போகோணும். அதைக் கைமாத்து வாங்கிக் கட்டலாம்னு கணக்குப் போட்டீன்னா, கெரகம், இப்பவே எந்திரிச்சுப் போயிரு.

10 லட்சத்துக்குள்ள எடம் கெடைச்சா அம்மிணி பேருல எழுது. பதிவுக் கட்டணத்துல 1 சதம் கொறையும். அம்மிணிக்குக் கோவம் வந்தா நீ இங்க வந்துரு, கட்டில் இருக்குது.

அப்புறம் மூணு மாடி, லிப்டுன்னு ஆரம்பிக்காதே. போன வீட்டுல லிப்டுக்குன்னு ஒரு குழி விட்டயே, கடைசி வரைக்கும் தவளைதான் ஏறி எறங்குச்சு.

கிரகப்பிரவேசத்துக்குப் பிளெக்ஸும் வேண்டாம். போனதுக்கு வெச்சது இன்னும் எங்கிட்டத்தான் இருக்குது. மாட்டுச்சாளைக்கு மேல போத்திருக்கறேன், ஒரு சொட்டு ஒழுகறதில்ல. உன்ற மூஞ்சி கெடேரிக்கு நேர் மேல வருது.