கதவடைப்பில் வேலை இழந்த குதிகால் தசைநாணின் மனு

அனுப்புநர்: குதிகால் தசைநாண், கெண்டைக்காலுக்குக் கீழே, குதிகால் எலும்புக்கு மேலே.

பெறுநர்: ஆணையரும் 32 அணிகளின் உரிமையாளர்களும், அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக் (என்.எஃப்.எல்.), நியூயார்க்.

பொருள்: 2011 கதவடைப்பில் மனுதாரருக்கு வேலை மறுக்கப்பட்டதும், கதவு திறந்ததும் மொத்த வேலையும் ஒரேயடியாக வாங்கப்பட்டதும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

அப்போது ஆண்டுக்குச் சுமார் 900 கோடி டாலராக இருந்த வருமானத்தை ஆட்டக்காரர்களோடு எப்படிப் பங்கு போடுவது என்ற தங்கள் மனக்கஷ்டம் மனுதாரருக்குப் புரிகிறது. அந்தக் கஷ்டத்தில்தான் 2011 மார்ச் 12 முதல் ஜூலை 25 வரை அணிகளின் பயிற்சிக் கூடங்களைப் பூட்டி வைத்தீர்கள். வழக்கமாக அந்த மாதங்களில்தான் மனுதாரர் மேல் படிப்படியாகச் சுமை ஏற்றுவார்கள்.

கதவு திறந்தது. முகாம்களின் முதல் 12 நாளில் 10 பேருக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. அடுத்த 17 நாளில் இன்னும் 2 பேருக்கு. 1997 முதல் 2002 வரையிலான கணக்கில், இதே லீக்கில் ஓர் ஆண்டு முழுவதற்கும் சராசரி சுமார் 5தான். பழி முழுவதும் பூட்டையே சேரும் என்று நிரூபிக்க இது போதாது என்று தங்கள் வழக்கறிஞர்கள் வாதிடலாம். வாதம் நியாயமானது, மனுதாரரும் மறுக்கவில்லை.

இத்தனைக்கும் கதவடைப்பால் ரத்தானது ஹால் ஆஃப் ஃபேம் ஆட்டம் ஒன்றே ஒன்று. அதுவும் பருவம் தொடங்குமுன் ஆடும் கணக்கில் வராத ஆட்டம்.

மனுதாரரின் சுபாவம் பற்றிச் சில வார்த்தை. ஓடும்போது உடல் எடையைப்போல் 12 மடங்கு வரை இழுவிசையைத் தாங்குபவர் அவர். ஆனால் இரத்த ஓட்டம் குறைவு, எல்லாமே நிதானம். பக்கத்து வீட்டுத் தசை சில வாரங்களில் புடைத்துக்கொண்டு நிற்கும். மனுதாரர் தேற மாதங்கள் ஆகும். அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பன்-14ஐ வைத்து டேனிஷ் ஆய்வாளர்கள் 2013இல் கண்டது இது: மனுதாரரின் உட்பகுதி ஏறக்குறைய 17 வயதுக்குள் அமைந்துவிடுகிறது, பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. ஆகவே, அறுந்தால் புதுசு வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால் கைவிடவும்.

அதற்காக மெத்தையில் படுக்க வையுங்கள் என்று மனுதாரர் கேட்கவில்லை. இழுவிசைதான் அவருக்குச் சாப்பாடு. இழுக்கப்படும்போது அவருடைய செல்கள் கொலாஜன் நார்களை நெய்கின்றன. இளைஞர்களின் ஒரு காலைத் தரையில் ஊன்றவிடாமல் 23 நாள் வைத்துப் பார்த்தபோது, மனுதாரரின் தம்பியான முழங்கால் தசைநாணின் விறைப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது. மாறாக, 1998இல் ஸ்வீடனின் ஹோகன் ஆல்ஃபிரட்சன், நாள்பட்ட குதிகால் தசைநாண் வலியால் தவித்த 15 பேருக்கு ஓய்வு தரவில்லை. சுமையோடு குதிகாலை மெல்லக் கீழிறக்கும் பயிற்சியை, வலித்தாலும் விடாமல், தினம் இருவேளை 12 வாரம் செய்ய வைத்தார். 15 பேரும் மறுபடி ஓடினார்கள்.

ஆட்டக்காரர்களோடு 2020இல் கையெழுத்தான தங்கள் ஒப்பந்தம் 2030 பருவத்தோடு முடிகிறது. மறுபடி பூட்டைத் தேடும் எண்ணம் இருந்தால், கீழ்க்காணும் கோரிக்கைகளைப் பரிசீலிக்க மனுதாரர் வேண்டுகிறார்:

1. கூடத்தைப் பூட்டினாலும், உடற்பயிற்சி வல்லுநர்கள் ஆட்டக்காரர்களோடு பேசத் தடை விதிக்காதீர்கள். லாப விவரத்தை அவர்கள் கேட்க மாட்டார்கள்.

2. கதவு திறந்த முதல் நாளே முழு வேக ஓட்டம் வேண்டாம். பூட்டியிருந்த காலத்தைச் சுமை ஏற்றும் வாரங்களாகத் திருப்பித் தாருங்கள்.

3. தொலைக்காட்சி அட்டவணை இடம் தராது என்றால், முதல் ஓட்டத்தை உரிமையாளர்களே ஓடிக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
பணிவுள்ள மனுதாரர்

நகல்: அலுவலக ஷட்டில் போட்டிக்காக ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ராக்கெட்டைத் தூசி தட்டி எடுக்கும் அன்பர்களுக்கு – தகவலுக்காகவும், இன்றே தொடங்க வேண்டிய நடவடிக்கைக்காகவும்.