பையன் தயாரா?

லெக்சிங்டன், கென்டக்கி
அக்டோபர் கடைசி வாரம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முழங்கால் வலி தேவலையா? நான் கென்டக்கியில் இருக்கிறேன் என்று எத்தனை தடவை சொன்னாலும், "அந்தக் கோழி வறுக்கிற ஊர்தானே?" என்று கேட்பதை அவர் நிறுத்தியபாடில்லை. அந்தக் கோழி புகழ் பெற்றது இங்கிருந்து தெற்கே, கார்பின் என்ற சின்ன ஊரில். லெக்சிங்டன்காரர்களுக்குக் கோழி மேல் தனிப் பக்தி எதுவும் கிடையாது. இவர்கள் கும்பிடுவது குதிரையையும் கூடைப்பந்தையும்தான். குதிரைக்கு ஏப்ரலில் கொஞ்ச நாள், அக்டோபரில் கொஞ்ச நாள். மிச்ச நாளெல்லாம் கூடைப்பந்து.

அக்டோபர் வந்தால் ஊருக்கே நீலச் சட்டை போட்டுவிடுவார்கள். கென்டக்கி பல்கலைக்கழக அணி பருவத்தின் தொடக்கப் பயிற்சியை ஊரறியச் செய்து காட்டும். கவனியுங்கள், ஆட்டம் இல்லை, வெறும் பயிற்சி. அதைப் பார்க்க ரப் அரீனா என்ற இருபதாயிரம் பேர் அமரும் அரங்கம் நிரம்பும். டிக்கெட்டுக்காகத் தெருவில் கூடாரம் அடித்துப் படுத்துக் கிடந்த வருஷங்களும் உண்டு. பெரியகுளத்தில் மே மாதப் போட்டிக்கு நாம் காலரியில் துண்டு போட்டு இடம் பிடித்ததைப் பெருமையாகச் சொன்னேன். கேட்டவர் பரிதாபமாகப் பார்த்தார்: "துண்டுதானா? கூடாரம் இல்லையா?"

இந்த மாதம் முழுக்க இங்கே ஒரே கேள்விதான்: "பையன் தயாரா?" முடிவெட்டுகிறவர் கேட்கிறார். தபால்காரர் கேட்கிறார். பல் டாக்டர் என் வாய்க்குள் கண்ணாடியும் கொக்கியும் விட்டபடியே, "என்ன நினைக்கிறீர்கள், பையன் தயாரா?" என்றார். நான் "ஆ" என்றேன். "நானும் அப்படித்தான் நினைக்கிறேன்" என்று அடுத்த பல்லுக்குப் போய்விட்டார்.

பையன் என்றால், அந்தந்த வருஷம் பள்ளி முடித்து வந்திருக்கும் முதலாண்டு பாயிண்ட் கார்ட். இந்தக் கடிதத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டப்போவது சித்திதான் என்பதால் அவருக்காக ஒரு வரி: பந்தைத் தட்டிக்கொண்டு போய், யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லி, யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்கிறவன் பாயிண்ட் கார்ட். கூடையில் போடுகிறவனுக்குக் கைதட்டல் கிடைக்கும். ஆட்டம் கெட்டால் திட்டு இவனுக்குக் கிடைக்கும்.

இவனைப் பற்றி ஊர் விசாரிப்பதைப் பார்த்தால் மாப்பிள்ளை விசாரிப்புதான் ஞாபகம் வரும். உயரம் எவ்வளவு, கையை விரித்தால் எவ்வளவு, எந்தப் பள்ளி, எத்தனை நட்சத்திரம் என்று கேட்பார்கள். ஜாதகம் பார்க்க இங்கும் ஆட்கள் உண்டு. பள்ளிப் பையன்களுக்கு ஐந்து நட்சத்திரம் வரை எண்ணிக் கொடுப்பதே அவர்கள் தொழில். 2023–24 பருவத்தில் ரீட் ஷெப்பர்ட் என்ற பையன் வந்தபோது குலம் கோத்திரம் விசாரிக்கவே அவசியம் இருக்கவில்லை. சொந்த ஊர் இதே மாநிலம். அப்பா ஜெஃப் ஷெப்பர்ட், கென்டக்கி கோப்பை வென்ற 1998 இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர். அம்மாவும் இதே பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணியில் ஆடியவர். பத்துப் பொருத்தமும் கூடி வந்த பிறகும், பெரும்பாலும் அவனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நடு ஆட்டத்தில்தான் இறக்கினார்கள்.

முதலாண்டுப் பையனை இறக்கலாமா என்பது அமெரிக்காவில் பழைய வழக்கு. 1972 வரை பெரிய கல்லூரிகளின் முதன்மை அணியில் அவர்களுக்கு இடமே கிடையாது. தனி அணியில்தான் ஆட வேண்டும். 1965-இல் லாஸ் ஏஞ்சலிஸில், யுசிஎல்ஏ-வின் முதலாண்டு அணி தன் கல்லூரியின் முதன்மை அணியோடு மோதியது. அண்ணன்மார்கள் நாட்டின் சாம்பியன்கள். 75–60 என்று ஜெயித்தது தம்பிகள்! அந்தத் தம்பிகளில் ஒருவர் பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார் என்று பெயர் பெற்றவர். அப்படியும் அந்த வருஷம் முழுக்க அவர் முதன்மை அணியில் ஆடவில்லை. சட்டம் சட்டம்தான்.

இப்போது நிலைமை தலைகீழ். 2006 முதல், தொழில்முறை லீகான என்பிஏ-வுக்குப் போக அந்த ஆண்டுக்குள் 19 வயது ஆக வேண்டும், பள்ளி முடிந்து ஒரு வருஷமும் கழிந்திருக்க வேண்டும். அந்த ஒரு வருஷத்தைக் கழிக்கத்தான் நல்ல பையன்கள் கல்லூரிக்கு வருகிறார்கள். 2009 முதல் 2024 வரை இங்கே பயிற்சியாளராக இருந்த ஜான் காலிபரி அப்படிப்பட்ட பையன்களையே அள்ளிக்கொண்டு வந்தார். முதல் வருஷமே வந்தவன் ஜான் வால். 2009 நவம்பரில், ஒஹாயோ மாநிலத்து மயாமி பல்கலைக்கழகத்தோடு அவனுடைய முதல் ஆட்டம். அரை நொடி மிச்சமிருக்கும்போது கூடையில் போட்டான், 72–70. அன்றைக்குக் கெட்டது இந்த ஊர். பையன் என்றால் முதல் நாளே ஜெயித்துக் கொடுக்க வேண்டும் என்று ஒரு எதிர்பார்ப்பு வந்தது, இன்னும் போகவில்லை.

ஆனால் பள்ளி ஆட்டம் வேறு, கல்லூரி ஆட்டம் வேறு என்பது உங்களுக்குத் தெரியாததா? பள்ளி ஆட்டம் 32 நிமிஷம், கல்லூரியில் 40. பள்ளிக் கோர்ட் 84 அடி நீளம் என்றால் இங்கே 94. மூன்று புள்ளிக் கோடு 19 அடி 9 அங்குலத்திலிருந்து 22 அடிக்கு மேல் தள்ளிப்போகிறது. பல மாநிலங்களில் பள்ளி ஆட்டத்துக்கு, இத்தனை நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்று கெடு வைக்கும் ஷாட் கிளாக்கே கிடையாது. பந்தை வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசலாம். இங்கே 30 நொடி. அதிலும் 10 நொடிக்குள் பாதிக் கோட்டைத் தாண்டியாக வேண்டும். அந்தப் பத்து நொடியும் ஒருவன் முகத்துக்கு நேரே கையை ஆட்டிக்கொண்டு வருவான். அவன் 22 வயது ஆம்பளை, நம் பையனுக்கு இன்னும் மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. அவனை விட்டு விலகி இந்தப் பக்கம் திரும்பினால், அங்கே வழி மறித்து ஸ்கிரீன் போட்டு நிற்கிறவன் மேல் மோதி விலா கழன்றுவிடும்.

ஆனால் நான் கவனித்தவரை, கால், கை, உடம்பு எல்லாம் இரண்டாம்பட்சம். பெரும்பாலான பையன்கள் தடுமாறுவது வாயில். பாயிண்ட் கார்ட் கத்த வேண்டும். நான்காம் ஆண்டு மாணவனைப் பார்த்து, "அங்கே நிற்காதே, மூலைக்குப் போ" என்று இருபதாயிரம் பேர் கூச்சலுக்கு மேலே சொல்ல வேண்டும். பள்ளியில் ஆறேழு மாதம் முன்பு வரை எல்லாரையும் தனியாகவே வெட்டிக்கொண்டு போய்ப் போட்டுப் பழகியவனுக்கு யாரிடமும் எதுவும் சொல்லவேண்டிய அவசியமே இருந்ததில்லை. ஒருமுறை கீழ் வரிசையில் டிக்கெட் கிடைத்தபோது ஒரு பையனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் விரலைக் காட்டுகிறார், இவனும் அதே விரலைக் காட்டுகிறான், வாய் மட்டும் திறக்கவில்லை. மற்ற நான்கு பேரும் ஆளுக்கொரு திசையில் நின்றார்கள். என் பக்கத்தில் நீலத்தில் தலை முதல் கால் வரை மூழ்கியிருந்த ஒரு பாட்டி, "பேசு கண்ணு, பேசு!" என்று கத்தினார். பையனுக்குக் கேட்டதோ இல்லையோ, நடுவர் திரும்பிப் பார்த்தார்.

ஊர் கேள்வி கேட்பது அக்டோபரில். பதில் வருவது மார்ச்சில். இதற்கு 2013–14 பருவத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்த வருஷம் ஆண்ட்ரூ ஹாரிசன், ஆரன் ஹாரிசன் என்று இரட்டைப் பிறவிகள் வந்தார்கள். ஆண்ட்ரூ பாயிண்ட் கார்ட். ஆட்டம் தொடங்குமுன்பே கென்டக்கிக்கு நாட்டில் முதலிடம் கொடுத்துவிட்டார்கள். பிறகு தோல்வி மேல் தோல்வி, மார்ச் நடுவுக்குள் பத்து. ஊர் வாய்க்கு ஆண்ட்ரூதான் அவல். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான், பந்தை விடமாட்டேன் என்கிறான், இவன் தேறமாட்டான் என்று பேசித் தீர்த்தார்கள்.

தங்கள் லீக்கின் கோப்பைப் போட்டிக்கு முன்னால் காலிபரி ஒரு சின்ன மாற்றம் செய்ததாகச் சொன்னார், என்னவென்று சொல்லவில்லை. சில வாரம் நாடே மண்டையைக் குடைந்துகொண்டது. கடைசியில் பார்த்தால், ஆண்ட்ரூவிடம் கூடைக்கு எறிவதைக் குறைத்துப் பாஸைக் கூட்டச் சொல்லியிருக்கிறார். பெரியகுளம் மைதானத்தில் நீங்கள் விசிலும் பிரம்புமாக நின்று தினம் சொன்னதேதான். உங்களுக்கு யாரும் கோடி ரூபாய் தரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதன்பின் 68 அணிகள் மோதும் மார்ச் போட்டி. தோற்றால் வீட்டுக்கு. எட்டாம் வரிசையில் நுழைந்த கென்டக்கி, அதுவரை ஒரு ஆட்டமும் தோற்காத விச்சிட்டா ஸ்டேட்டை 78–76 என்று அனுப்பி வைத்தது. அரையிறுதியில் விஸ்கான்சின். கடைசி நிமிஷம், 71–71. எதிராளி மூன்று புள்ளிக் கோட்டில் எறிவதுபோல் பாவனை காட்ட, ஆண்ட்ரூ எகிறி அவன் மேலேயே விழுந்தான். ஃபவுல், மூன்று ஃப்ரீ த்ரோ. மிச்சம் 16 நொடி. மூன்றில் இரண்டு விழுந்து 73–71.

சித்தப்பா, இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஆட்டத்தைக் கெடுத்தவன் அவன். ஊர் பருவம் முழுக்கத் திட்டியது அவனை. பந்து திரும்ப அவன் கைக்கே வருகிறது. பழைய ஆண்ட்ரூ என்றால், கெட்ட பெயரைக் கழுவத் தானே எறிந்திருப்பான். இவன் உள்ளே ஓட்டிப்போய், ஆட்களைத் தன் பக்கம் இழுத்து, வெளியே நின்ற ஆரனுக்குக் கொடுத்தான். ஆரன் தூரத்திலிருந்து எறிந்தான், 5.7 நொடி மிச்சம், 74–73. பையன் தயாராகிவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது, ஆரன் எறிந்த நொடியில் இல்லை, ஆண்ட்ரூ கொடுத்த நொடியில்.

இறுதி ஆட்டத்தில் கனெக்டிகட்டிடம் 60–54 என்று தோற்றார்கள். ஃப்ரீ த்ரோ 24-இல் 11 தவறிப்போனது. தோற்றது ஆறு புள்ளியில். எதிரணியை நடத்தியது ஷபாஸ் நேப்பியர், நான்காம் ஆண்டு பாயிண்ட் கார்ட். பழுத்த கை.

இன்னொரு வேடிக்கை. கென்டக்கி கடைசியாகக் கோப்பை வென்ற 2012-இல் பாயிண்ட் கார்ட் மார்க்விஸ் டீக், முதலாண்டுப் பையன்தான். ஆனால் பின்னால் கூடையைக் காக்க ஆந்தணி டேவிஸ் இருந்தார்; பெஞ்சிலிருந்து வந்து நிதானம் சொல்ல நான்காம் ஆண்டு டேரியஸ் மில்லர் இருந்தார். டீக் என்பிஏ-வில் நெடுநாள் நிலைக்கவில்லை. 2017-இல் வந்த ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரோ முதல் சில வாரங்கள் பெஞ்சில்தான். ஊர் அவனைப் பெரிதாக விசாரிக்கக்கூட இல்லை. 2025-இல் என்பிஏ-வின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்! ஆக, தயாரா என்ற கேள்வி பையனை மட்டும் பொறுத்ததில்லை. பக்கத்தில் யார் நிற்கிறார்கள், அவன் தலையில் எவ்வளவு பாரம் ஏற்றுகிறோம் என்பதிலும் பாதி பதில் இருக்கிறது.

இப்போது பையன்களுக்கு இன்னும் கஷ்டகாலம். 2021-க்குப் பிறகு கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவது சுலபம். தம் பெயரையும் படத்தையும் வைத்துக் காசு பார்க்கவும் அனுமதி உண்டு. கொரோனாவால் கூடுதலாக ஒரு வருஷம் வேறு கிடைத்தது. அதனால் 23, 24 வயது ஆட்களெல்லாம் கல்லூரியில் ஆடினார்கள். 2024 மார்ச்சில், நட்சத்திரப் பையன்கள் நிறைந்த கென்டக்கியை மிச்சிகன் மாநிலத்து ஓக்லண்ட் என்ற சின்ன அணி 80–76 என்று வீட்டுக்கு அனுப்பியது. பத்து மூன்று புள்ளி போட்டவர் ஜாக் கோல்கி, பட்டம் முடித்து மேல்படிப்புக்கு வந்த ஆள். அதற்குமுன் இரண்டாம் பிரிவுக் கல்லூரியில் ஆடியவர். அந்த வாரம் முடிவெட்டுகிற கடையில் யாரும் வாய் திறக்கவில்லை. கத்தரி சத்தம் மட்டும்தான். அடுத்த மாதமே காலிபரி ஆர்கன்சாவுக்குப் போய்விட்டார்.

பிளஸ் டூ முடித்த உங்கள் பையனை மதுரைக் கல்லூரி அணியில் நேரே பாயிண்ட் கார்டாகப் போடலாமா என்று போனில் கேட்டீர்கள். போடலாம், ஆனால் அக்டோபரில் அவனை எடை போடாதீர்கள். ஜம்ப், வேகம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி மூடி வையுங்கள். பந்தைப் பறிகொடுத்த அடுத்த முறை பந்து கேட்கிறானா, ஒளிந்துகொள்கிறானா என்று மட்டும் பாருங்கள். சீனியரைப் பார்த்து, "அண்ணே, மூலைக்குப் போங்க" என்று கத்த அவனுக்குத் தைரியம் இருக்கிறதா? அப்படிக் கத்தினால் அந்த அண்ணன் போகிறானா? முதல் கேள்விக்குப் பதில் அவனிடம் இருக்கிறது. இரண்டாவதற்கு நீங்கள்தான் பொறுப்பு. பக்கத்தில் ஒரு மூத்த கை இல்லாமல் மட்டும் இறக்காதீர்கள்.

அடுத்த வாரம் முதல் ஆட்டம். எனக்குக் கூரையை ஒட்டிய வரிசையில் டிக்கெட் கிடைத்திருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் முகம் தெரியாது, பனியன் நம்பர் தெரிந்தால் அதிர்ஷ்டம். பைனாகுலர் வாங்கலாம் என்றேன். உங்கள் மருமகள், "அந்தக் காசுக்கு வீட்டிலேயே உட்கார்ந்து டிவியில் பார்க்கலாமே" என்கிறாள். நியாயம்தான். ஆனால் டிவியில் பந்து போகிற இடத்தை மட்டும்தான் காட்டுவான். பந்து இல்லாத நான்கு பேரும் பையன் சொன்ன இடத்தில் நிற்கிறார்களா என்று பார்க்கக் கூரைதான் சரியான இடம்.

சித்திக்கு என் வணக்கம்.

உங்கள் அன்பு
அண்ணன் மகன்

பி.கு.: உங்கள் பையனின் ஷூ அளவை எழுதுங்கள். இங்கே கடையில் ஒரு ஷூவைப் பார்த்தேன், அதில் நம் ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் படுத்துத் தூங்கலாம். கால் அளவைப் பேப்பரில் வரைந்தே அனுப்பிவிடுங்கள். சும்மா "என் கால் சைஸ்தான்" என்று எழுதாதீர்கள், உங்கள் கால் சைஸ் எனக்குத் தெரியாது.