மது இல்லாத பார்: பெரியபட்டினத்து லாத்தாமார்களுக்குச் சில யோசனைகள்

பென் பிரான்சன் என்ற இங்கிலாந்துக்காரர் 2015-இல் ‘சீட்லிப்’ என்று போதை இல்லாத வடிநீர் ஒன்றைப் புட்டியில் அடைத்து ஜின் விலைக்கு விற்றார். 2019-இல் ஜானி வாக்கர் தயாரிக்கும் டியாஜியோவே அதில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டது. ராமநாதபுரம் கடற்கரையில் நம்ம பெரியபட்டினத்தில் நாம் தலைமுறை தலைமுறையாகக் குடிக்காமலே இருக்கிறோம். எவரும் பத்துப் பைசா தந்ததில்லை. ஆகவே லாத்தாமார்களே (எங்கள் பேச்சில் அக்காமார்களே), கடை போடுங்கள்.

முதலில் போர்டு. ‘பார்’ என்று எழுதினால் முதல் நாளே, “குவார்ட்டர் இருக்கா?” என்று ஒருவர் வருவார். இரண்டாம் நாள் ஜமாஅத்திலிருந்து இருவர் வருவார்கள். ‘சர்பத் கடை’ என்றே எழுதுங்கள். விலையை மட்டும் பார் விலையாக வையுங்கள்.

அடுத்தது சரக்கு. பாளையைச் சீவிக் கட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். சீமையில் செம்பு வாலை வைத்துக் காய்ச்சிச் செய்கிற வேலையை நம்ம சாயல்குடிப் பக்கத்துப் பனையேறி விரல்நுனிச் சுண்ணாம்பில் முடித்துவிடுகிறார். காலையில் இறக்கியதைக் காலையிலேயே விற்றுவிடுங்கள். நேரம் போனால் புளிக்கும், பிறகு போர்டுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கள்ளுக்கு இங்கே 1987 முதல் தடை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கிளாஸ் விளிம்பில் உப்பும் மிளகாயும் பூசுவது இப்போது நாகரிகம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் குண்டு மிளகாய் எதற்கு இருக்கிறது? பாத்திரம் பழமையாக இருந்தால் நல்லதென்று எவராவது சொன்னால், இவ்வூர் அகழாய்வில் கிடைத்த 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகளைப் பற்றிப் பேசுங்கள். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள்.

நட்சத்திரப் பண்டம் கடல்பாசிதான். நோன்பு திறக்க வீட்டில் பால் ஊற்றிக் காய்ச்சி, ஆறவைத்து, வில்லை போடுவோமே, அதேதான். அதை நீளமாக நறுக்கி நன்னாரியில் மிதக்கவிட்டால் மெனுவில் பெயர் மாற்றிவிடலாம். மதுரை விளக்குத்தூண் அருகே ‘ஃபேமஸ் ஜிகர்தண்டா’ 1977 முதல் இந்த மாதிரி வித்தையில்தான் நிற்கிறது. ஆனால் பாசி எங்கிருந்து வருகிறது? இந்தக் கடற்கரைப் பெண்கள் விரல்களில் துணி சுற்றி, காலில் தட்டைக் கட்டிக்கொண்டு முங்கி, மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிய்க்கிறார்கள். 1986-இல் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து, தீவுப் பக்கம் போகும்போது வனத்துறையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காயவைத்து வியாபாரியிடம் கிலோக்கணக்கில் போட்டது, ‘சைனா கிராஸ்’ என்ற பெயரில் கிராம்கணக்கில் கடைக்குத் திரும்புகிறது. நீங்கள் அதைக் காசு கொடுத்து வாங்குங்கள். தொழில்முனைவோர் என்றால் அப்படித்தான்.

கடனுக்கு அலைய வேண்டியதே இல்லை. 2015-இல் வந்த முத்ராவில் ‘சிஷு’ என்று 50,000 ரூபாய் வரை தருவார்கள். 2016-இல் வந்த ஸ்டாண்ட்-அப் இந்தியா, ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு பெண்ணுக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்றது. அந்த ஒருத்தி யாரென்று மட்டும் கவுண்டரில் கேட்காதீர்கள். “உங்க வீட்டுக்காரர் என்ன செய்றார்?” என்பார்கள். சவூதியில் என்று சொன்னால், “அவர் லீவுல வரட்டும், பேசுவோம்” என்பார்கள். ஆக, திறப்புவிழாத் தேதியை விமான டிக்கெட் பார்த்துக் குறியுங்கள்.

இனிமேல்தான் கஷ்டமான சாமான்: பெஞ்சு. நம்ம தெருக்களில் டீக்கடைக்குப் பஞ்சமில்லை, அங்கே நமக்குக் கிடைப்பது பார்சல். குடிக்காத ஊரில் மது இல்லாத பானம் விற்பதில் என்ன புதுமை இருக்கிறது? பொம்பளைகள் நாலு பேர் தெருவைப் பார்த்து உட்கார்ந்து, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அரைமணி நேரம் எழுந்திருக்காமல் இருப்பதுதான் இங்கே புதுச் சரக்கு. அதற்குத்தான் நீங்கள் லைசன்ஸ் வாங்க வேண்டியிருக்கும், கொடுக்கிற ஆபீஸ்தான் கிடையாது.

முதல் வாரத்திலேயே ஒரு பெரியவர் வந்து, “நீ யாரு மவ?” என்று கேட்பார். “இன்னார் மவதான் காக்கா, எலுமிச்சை சோடா குடிக்கிறீங்களா?” என்று கேளுங்கள். ஐஸ் கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள். நின்றுகொண்டே குடிக்கட்டும்.

பெஞ்சை மரத்தில் செய்யாதீர்கள். பாசி எடுத்துவிட்டு வருகிறவர்கள் ஈரத்தோடு உட்காருவார்கள், உப்பு மரத்தைத் தின்றுவிடும். கடப்பாக்கல் போடுங்கள். வங்கி மேனேஜர் கேட்டால் ‘உள் அலங்காரம்’ என்று எழுதிக் கொடுங்கள்.