ஆட்டம் கண்ட புல்லட்: நோயின் அந்தஸ்து குறித்து ஓர் ஆய்வு

எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் பழைய புல்லட், ஆக்ஸிலேட்டரை விட்டதும் ஐம்பதுக்கு இறங்குகிற இடைவெளியில் ஹேண்டிலை இடமும் வலமும் உதறத் தொடங்கும். இந்த நிகழ்வை இக்கட்டுரை முன்னாட்டம் என்று வழங்கும். அறிவுலகம் இதைக் கண்டுகொள்ளவில்லை என்று குறை சொல்ல இடமில்லை. 1899இலேயே கேம்பிரிட்ஜின் விப்பிள், சைக்கிள் விழாமல் ஓடுவதற்குச் சமன்பாடு எழுதிவிட்டார். 1971இல் ராபின் ஷார்ப் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஓடுகிற வண்டி நிலைகுலைய மூன்று வழிகள் உண்டு என்று காட்டினார்: மெல்லச் சாய்வது ஒன்று, வண்டி முழுவதுமாக நெளிவது ஒன்று, ஹேண்டிலும் முன்சக்கரமும் மட்டும் உதறுவது ஒன்று. நெளிவு நொடிக்கு இரண்டு முதல் நான்கு முறை. உதறலோ ஏறத்தாழ ஆறு முதல் பத்து முறை. இவ்வளவு நுட்பமாகக் கணக்குப் போட்டவர்களும் ஒரே ஒரு மாறியை விட்டுவிட்டார்கள். அது வண்டியின் அந்தஸ்து. வண்டி எதனால் ஆடுகிறது என்பதை இயற்பியல் தீர்மானிக்கிறது. எதனால் ஆடுவதாகச் சொல்லப்படுகிறது என்பதை அந்தஸ்து தீர்மானிக்கிறது. நாம் நிறுவ முற்படும் கருதுகோள் இதுவே.

முதற்சான்று ஒப்பீட்டு முறையில் அமைவது. ஒரு டிவிஎஸ் 50 ஆடினால் தெருவில் போகிறவர்கூட, “காத்து இருக்கா பாருப்பா” என்பார். காற்று அடித்தும் ஆட்டம் நிற்காவிட்டால், “அது அப்படித்தான் ஆடும்” என்பதோடு விசாரணை முடிந்துவிடும். அதே தெருவில், 1955 முதல் சென்னையில் வேர்விட்ட ஒரு குலத்தின் வாரிசான புல்லட் ஆடினால் யாரும் காற்றைப் பற்றிப் பேசுவதில்லை. வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்து, குரலைத் தாழ்த்தி, “கோன் செட் போயிருக்கும் சார்” என்கிறார்கள். இத்தனை பாகங்கள் இருக்க, ஹேண்டில் திரும்பும் கழுத்துக்குள் இருக்கும் பேரிங்கான இந்தக் கோன் செட்டுக்கு ஏன் முதல் மரியாதை? அதை மாற்ற ஹெட்லைட், ஹேண்டில், ஃபோர்க் எல்லாம் கழன்று சாக்கின் மேல் வந்தாக வேண்டும். அரை நாள் போகும். உரிமையாளர் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு டீ குடிக்கலாம். கடைசியில் கறுத்த கிரீஸுக்குள்ளிருந்து எஃகுக் குண்டுகளை வழித்தெடுத்து, தடம் விழுந்த கிண்ணத்தைத் துணியால் துடைத்து, “பாத்தீங்களா” என்று உள்ளங்கையில் வைப்பார்கள். நோயைக் கையில் வாங்கிப் பார்த்த நிறைவு வேறெந்தப் பாகத்தில் கிடைக்கும்? குறைந்துபோன காற்றை யாரும் உள்ளங்கையில் வைத்துக் காட்ட முடியாது.

இனி, அந்தஸ்தில்லாத காரணங்களுக்கு வருவோம். காற்று முதலாவது, பெட்ரோல் பங்கில் இலவசம் என்பதே அதன் மதிப்பைக் கெடுத்துவிட்டது. அடுத்தது பஞ்சர். ஒட்டி மாட்டிய டயர் ரிம்மில் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் உட்கார்ந்திருக்கும். டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடுவதைக் காணலாம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் அந்தக் கோடு ரிம்மிலிருந்து ஒரே தொலைவில் ஓட வேண்டும். நெளிந்து ஓடினால் வழக்கு அங்கேயே முடிந்தது. நடுவில் தட்டையாகத் தேய்ந்த டயரும், தட்டினால் ‘டிங்’ என்னாமல் ‘டொக்’ என்னும் ஸ்போக்கும் இந்த வரிசையில் வருவன. ஆனால் ஆய்வாளரின் நெஞ்சைக் கவர்வது பின்சக்கரமே. புல்லட்டின் பின் அச்சில் இருபுறமும் நத்தை வடிவத் தகடுகள் உண்டு. ஓரத்தில் வரிசையாகப் பள்ளங்கள். செயின் தொங்கும்போது இரண்டையும் சமமாகத் திருப்ப வேண்டும். அவசரத்தில் இடப்பக்கம் மூன்று பள்ளம், வலப்பக்கம் இரண்டு என்று விட்டுவிட்டால் பின்சக்கரம் கொஞ்சம் ஒருக்களித்துப் பார்க்கும். முன்சக்கரம் அதை ஓயாமல் ஈடுகட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். இரு சக்கரங்களையும் ஒட்டி ஒரு நூல் பிடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இதோடு ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்து, கேரியரில் இரும்புப் பெட்டியும் ஏறிவிட்டால், முன் டயருக்குத் தரையில் அழுந்த எடையே மிஞ்சாது. ஆட்டம் தெரிவது முன்னால் என்பதால் குற்றமும் முன்னால்தான் என்று கொள்வது புல்லட்காரர்களின் பழைய தர்க்கப்பிழை.

கோன் செட் கெடுவதே இல்லையா என்று வினவுவார் உளர். கெடும், அதைக் கழற்றாமலே அறியலாம் என்பதே நம் வாதம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன்சக்கரத்தை உயர்த்தி, ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால், தளர்ந்த கோன் ‘டக்’கென்று விரலுக்குச் சொல்லும். பிறகு ஹேண்டிலை ஒற்றை விரலால் மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். நேர்நிலையில் வந்ததும் ஏதோ பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால் தடம் விழுந்திருக்கிறது. அளவுக்கு மீறி முடுக்கினாலும் கேடுதான். மெதுவாகப் போகும்போது வண்டி தன்னைத் தானே நேராக்கிக்கொள்ள முடியாமல் அலையும். ஸ்டியரிங் டாம்பர் திருகை இறுக்கினால் போதாதா என்பார் சிலர். அது உராய்வால் ஆட்டத்தை அமுக்கும், காரணத்தைத் தொடாது. கையை விட்டால்தானே ஆடுகிறது, பிடித்துக்கொண்டால் தீர்ந்தது என்பாரும் உளர். ஓட்டுபவரின் கைகளே ஒரு டாம்பர் என்பது உண்மைதான். ஆயினும் மனித உடலை உதிரிபாகப் பட்டியலில் சேர்ப்பதை இந்த ஆய்வு ஏற்கவில்லை. “வயசாச்சு, ஆடும்” என்பது விளக்கமே ஆகாது. தேய்வது வயது அல்ல, புஷ்.

எஞ்சியிருப்பது வலுவான தடை: இது மெக்கானிக்கின் காசாசை, அந்தஸ்து என்று எதற்குச் சுற்றிவளைக்க வேண்டும்? அது பொருந்தாது. மெக்கானிக் ஒருவர் நேர்மையாக, “காத்து கம்மி சார், அடிச்சிட்டுப் போங்க” என்று சொல்லி அனுப்புவதாகக் கொள்வோம். உரிமையாளர் காற்று அடிக்கப் போவதில்லை. அடுத்த கடைக்குப் போவார். தம் புல்லட்டுக்கு மொபெட்டின் வியாதியைச் சொன்னவரிடம் மறுபடி வண்டியை விடவும் மாட்டார். ஆகவே கோன் செட்டை உண்மையில் கேட்டு வாங்குபவர் உரிமையாளரே. மெக்கானிக் எழுதித் தருபவர் மட்டுமே. காற்று, டயர், ஸ்போக், நத்தைத் தகடு, புஷ், பெட்டி எல்லாம் சரியாக இருந்தும் ஒரு வண்டி ஆடினால், அன்று கோன் செட்டைக் கழற்றுவதே முறை. அப்போது முதல் நாளே அதைச் சொன்னவர் கையிலிருக்கும் ஸ்பானரைக் கீழே வைக்காமலே, “நான் அப்பவே சொல்லல?” என்பார். அதற்கு இந்த ஆய்வில் பதில் இல்லை.