பெட்டியில் வந்த நாகம்: சில ஒலியியல் சிக்கல்கள்

முன்னுரை

கோப்ரா என்னும் ஸ்போர்ட்ஸ் காரின் நகலை உதிரிபாகங்களாக வாங்கி, பெற்றவரும் பிள்ளையும் சேர்ந்து வீட்டு கராஜில் பூட்டுவது இங்கிலாந்தில் காணப்படும் ஒரு வழக்கம். இதுகுறித்துத் தமிழில் இதுவரை முறையான ஆய்வு எதுவும் வெளிவரவில்லை. (அப்படி எழுதுவது ஆய்வுக் கட்டுரையின் முதல் இலக்கணம். தேடிப் பார்த்தீர்களா என்று கேட்பது அநாகரிகம்.) இங்குள்ள தரவுகள் என் பக்கத்து வீட்டு கராஜிலிருந்து, வேலிக்கு இப்பால் நின்று, பங்கேற்பில்லா உற்றுநோக்கல் முறையில் திரட்டப்பட்டவை. மழை நாட்களில் ஆய்வு நடைபெறவில்லை. இங்கிலாந்தில் இது சிறிய குறை அல்ல.

1. மூலமும் நகலும்

1962இல் அமெரிக்கரான கேரல் ஷெல்பி, தேம்ஸ் டிட்டனில் ஏ.சி. நிறுவனம் செய்துகொண்டிருந்த ஏஸ் என்ற ஒல்லிக் காருக்குள் ஃபோர்டு வி-8 எஞ்சினை இறக்கினார். அதுதான் கோப்ரா. உடம்பு ஆங்கிலேய உடம்பு, குரல் அமெரிக்கக் குரல். அறுபதுகளில் செய்யப்பட்டவை ஏறக்குறைய ஆயிரம்தான்; நகல்களோ அதைப்போலப் பல மடங்கு. மூலத்துக்கு அலுமினிய உடல், நகலுக்குப் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ்.

இந்தச் செய்தியை மூலபாட ஆய்வாளர் ஒருவரிடம் சொன்னேன். கண்கள் ஒளிர, "நகல்களை ஒப்புநோக்கி மூலத்தை மீட்டுவிடலாம். ஐந்தாண்டுத் திட்டமாக எழுதிக் கொடுங்கள்" என்றார். மூலக் கார்களே இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன ஐயா என்றேன். "அது செம்பதிப்புக்குத் தடையில்லை" என்றார்.

2. கையேட்டு மரபு

இத்துறையின் ஆதி நூல் 1957இல் வந்த லோட்டஸ் செவன் காரோடு தொடர்புடையது. காலின் சாப்மனின் படைப்பு. முழு வண்டியாக விற்றால் பிரிட்டனில் அன்று கொள்முதல் வரி உண்டு. உதிரியாக விற்றால் இல்லை. ஆனால் பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் அந்தச் சலுகை போய்விடும். ஆகவே நிறுவனம் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்ததாம். வாங்கியவர் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படித்துக்கொண்டாராம். இப்படி உதிரியாக வாங்கிப் பூட்டும் கிட் கார்க்காரர்கள் வாயிலிருந்து இன்றும் கேட்கக்கூடிய வரலாறு இது. மாலைமாற்று பாடிய மரபில் வந்த நமக்கு இதில் வியப்பில்லை. பத்துப்பாட்டு அடிகளைக் கழற்றி வேண்டிய இடத்தில் மாட்டிப் பொருள் கண்ட நச்சினார்க்கினியர் கையில் இந்தக் கையேடு கிடைத்திருந்தால், கியர்பாக்ஸ் டிக்கியில் இருந்திருக்கும். அதற்கும் தக்க காரணம் சொல்லியிருப்பார்.

1973இல் மதிப்புக்கூட்டு வரி வந்து இந்த வரிச்சலுகையை முடித்துவைத்தது. அதே ஆண்டு செவனின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது.

3. கருவிகள்

பல.

4. பங்கேற்பாளர்கள்

தந்தை: ஐம்பதைக் கடந்தவர். மகள்: பள்ளி இறுதி வகுப்பு, டார்க் ரெஞ்சைத் தந்தையைவிட நன்றாகக் கையாள்பவள். போதிய இறுக்கம் வந்து அது 'டக்' என்றதும் நிறுத்திவிடுவாள். தந்தை மனநிறைவுக்காக இன்னும் ஒரு கால் சுற்றுச் சுற்றுவார். தாய்: ஆய்வுக்கு ஒத்துழைக்கவில்லை.

5. உறுமல்

இனி இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருகிறோம்.

அடிச்சட்டம் நான்கு சக்கரங்களில் நின்ற முதல் நாள். எஞ்சின் இன்னும் மூலையில், மரத்தட்டின் மேல், பாலித்தீன் சுற்றிக் கிடக்கிறது. உடற்கூடு தோட்டத்தில், துணி காயும் கொடிக்குக் கீழே. இருக்கையும் இல்லை. தந்தை ஒரு பழைய சோபாத் திண்டைக் குழாய்களுக்கு நடுவே போட்டு உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். கராஜ் சுவரில் சாத்தியிருந்த ஏணியைப் பார்த்து, எதிரே வண்டி வரவில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு வாயால்:

"ட்ர்ர்ர்ரும்!"

(வேலி, ஞாயிறு, நண்பகல்.)

இவ்வொலியின் சிக்கல்கள் எண்ணற்றவை. முதலாவது, தொல்காப்பியப்படி டகரம் மொழிக்கு முதலில் வராது. தனிமெய் வரவே வராது. இரண்டாவது, ரகரமும் ழகரமும் தம்மோடு தாம் மயங்குவதில்லை. இங்கே ரகரம் தன்னோடு தானே மூன்று முறை மயங்கியிருக்கிறது. ஒற்றளபெடை என்று சமாதானம் சொல்லலாமா? முடியாது. நன்னூல் அளபெடைக்கு அனுமதித்த பத்து மெய்களிலும் ஆய்தத்திலும் ரகரம் கிடையாது. இறுதியில் வந்த மகரம் மட்டுமே சட்டப்படி நீளத் தகுந்தது. அதையோ தந்தை குறுக்கிவிட்டார். எனவே இலக்கணப்படி இவ்வொலி எழவேயில்லை.

எனக்குக் கேட்டது என்பது சான்றாகாது. (வேலி, மேலது, செங்கல் மேல் ஏறி நின்று.)

அவர் ஆங்கிலேயர், அவர் உறுமலுக்குத் தமிழ் இலக்கணம் எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். அவரோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டேன். இப்படிப்பட்ட கேள்விகளை அனுமதித்தால் எத்தனை துறைகளை மூட வேண்டிவரும்!

அதைவிடப் பெரிய சிக்கல் அடுத்து வந்தது. மகள் நிமிர்ந்து பார்த்து, "அப்பா, நீங்க இன்னும் முதல் கியர்லயே இருக்கீங்க" என்றாள். (இதை மொழிபெயர்க்க வேண்டியிருந்தது, உறுமலை மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.) தந்தை இல்லாத கிளட்சை மிதித்து, இல்லாத கியரை மாற்றி, "ட்ர்ர்ரும்... ம்ம்... ட்ர்ர்ர்ர்ரும்" என்று திருத்திய பதிப்பை வெளியிட்டார். இப்போது நம் கையில் இரு பாடங்கள். முதற்பாடம் பழமையானது, ஆனால் ஒரே கியர். இரண்டாம் பாடம் நிறைவானது, ஆனால் மகளின் தலையீட்டுக்குப் பின் எழுந்தது. ஆகவே இடைச்செருகல் என்ற ஐயத்துக்கு இடமுண்டு. போதாக்குறைக்கு மகள் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு மறுபக்கம் ஏறி உட்கார்ந்து, "பீப், பீப்" என்றாள். அது மூலத்தின் பகுதியா, பிற்சேர்க்கையா, உரையா?

முடிவு சொல்ல ஓர் ஆவணம் உதவுகிறது. (பெட்டி எண் 7, மறுசுழற்சிக்காகத் தெருவோரம் வைக்கப்பட்டது, செவ்வாய் அதிகாலை, மூடியின் உட்புறம், தந்தையின் பென்சில் குறிப்பு: 'இதுதான் முதலில்', அதன் கீழ் மகளின் பேனாக் குறிப்பு: 'இல்லை', இரண்டின் மேலும் வட்டமாக ஒரு தேநீர்க் கறை. கறையின் விட்டம் தந்தையின் குவளையோடு பொருந்துவதால் அழிப்பு திட்டமிட்டது என்பது என் துணிபு. மறுப்பவர்கள் குவளையை அளந்துவிட்டுப் பேசட்டும்.) இந்த ஆவணத்துக்கும் உறுமலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் இவ்வளவு சிரமப்பட்டு எடுத்த ஆவணத்தை எங்காவது பயன்படுத்தியாக வேண்டும்.

6. காலக் கணிப்பு

வெவ்வேறு காலத்துப் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய வண்டிக்கு வயது என்ன? பிரிட்டனில் வயதைத் தீர்மானிக்க இயலாத வண்டியின் எண்பலகை 'க்யூ' என்ற எழுத்தில் தொடங்கும். அவ்வளவுதான், விவாதம் முடிந்தது. நம் பழைய நூல்களுக்கும் இப்படி ஓர் எழுத்தை ஒதுக்கியிருந்தால் எத்தனை கருத்தரங்குகள், எத்தனை மதிய உணவுகள் மிச்சமாகியிருக்கும்!

7. தகுதித் தேர்வு

பூட்டிய வண்டி சாலைக்கு வருமுன் தனி வண்டி ஒப்புதல் தேர்வில் தேற வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புகள் கூராக இருக்கக்கூடாது. வளைவின் ஆரம் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் வேண்டும். வீட்டில் தாமே பூட்டியது என்பதற்குப் படங்களும் காட்ட வேண்டும். மகள் எடுத்த படங்களில் பெரும்பாலானவற்றில் தந்தையின் முதுகும் காரின் அடியிலிருந்து நீளும் காலணிகளும்தான் தெரிகின்றன. (அவள் வேலிக்கு மேலாகக் காட்டியது.) சிலவற்றின் பின்னணியில் செங்கல் மேல் நிற்கும் ஒருவரின் தலை தெரிகிறது. ஆய்வு நேர்மை கருதி அதையும் பதிவு செய்கிறேன்.

தேர்வு இன்னும் நடக்கவில்லை. எஞ்சின் வண்டியில் ஏறி, அது தானாக ஒலி எழுப்பினால், அவ்வொலி தந்தையின் எந்தப் பாடத்தோடு ஒத்துப்போகிறது என்பது அடுத்த கட்டுரையில் ஆராயப்படும். நிதி தேவை.

இக்கட்டுரையை மேற்கோள் காட்ட விரும்பும் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து ஒருமுறை படித்துவிட்டுக் காட்டுங்கள்.