மலைவிசர்: ஒரு பூர்வாங்க ஆய்வு

சென்ற மாதம் ஒரு தம்பி வினாக்கொத்தோடு வீட்டுக்கு வந்தார். புலம்பெயர்ந்து திரும்பியவர்களின் 'தாயக ஏக்கம்' பற்றி ஆய்வு செய்கிறாராம். நான் சுவிஸில், பேர்ண் நகரத்து உணவகக் குசினி ஒன்றில் 23 வருடம் கோப்பை கழுவியும் சமைத்தும் விட்டு, யாழ்ப்பாணம் திரும்பி ஒன்றரை வருடமாகிறது. "எதை நினைச்சு ஏங்குறியள் ஐயா?" என்றார். "மலையை" என்றேன். தம்பி தாளை மேலும் கீழும் பார்த்தார். பனைக்குப் பெட்டி இருந்தது, கிணற்றுக்கு இருந்தது, கோயில் திருவிழாவுக்கும் இருந்தது. மலைக்கு இல்லை. "அங்க இருக்கேக்கை ஊரை நினைச்சு ஏங்கினதைத்தான் ஐயா கேக்கிறம்" என்று என்னைத் திருத்தி, பனையில் ஒரு சரி போட்டுக்கொண்டு போய்விட்டார். இவ்வாய்வு அந்தக் கோபத்தில் பிறந்தது.

ஆய்வெல்லை யாழ்ப்பாணக் குடாநாடு. இங்கு மலை கிடையாது. கீரிமலை உளதே எனின், அங்கே கேணி உண்டு, கடல் உண்டு, தேடினால் கீரியும் அகப்படலாம்.

இனி முன்னோர் ஆய்வுகள். இந்த ஏக்கநோயை முதன்முதலில் ஏட்டில் ஏற்றியவர் யொஹானஸ் ஹோஃபர். 1688-இல் பாசல் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வேடு சமர்ப்பித்தபோது அவருக்கு வயது 19. வேற்றூரில் இருக்கும் சுவிஸ்காரருக்கு நித்திரை வராது, சாப்பாடு இறங்காது, நெஞ்சு படபடக்கும், காய்ச்சல் அடிக்கும். ஊர்ச்சனம் இதை 'ஹைம்வே', அதாவது வீட்டுநோவு, என்று சொல்லிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் விளங்கும் சொல்லை வைத்துப் பட்டம் வாங்க முடியுமா? திரும்புதலுக்கு ஒரு கிரேக்கச் சொல்லும் வலிக்கு ஒரு கிரேக்கச் சொல்லும் எடுத்து ஒட்டி 'நொஸ்ரால்ஜியா' என்றார். அது பிடிக்காதவர்களுக்கென்று 'நொசோமேனியா', 'பிலோபற்றிடோமேனியா' என்று இன்னும் இரண்டைக் கொடுத்தார். 1710-இல் அதே பாசலைச் சேர்ந்த ஸ்விங்கர் என்ற பேராசிரியர் அந்த ஆய்வேட்டைத் திரும்பப் பதிப்பித்து, நோய்க்கு 'பொத்தோபற்றிடால்ஜியா' என்று பெயர் மாற்றினார். நோயாளிகளின் நிலையில் மாற்றம் எதுவும் ஏற்படவில்லை. ஒருவர் எழுதியதற்குப் புதுப்பெயர் சூட்டி வெளியிடும் இவ்வழக்கம் பாசலோடு நின்றுவிடவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இத்துணைப் பெயர்களுக்கும் ஈடாக என் அக்கா ஒரே சொல்லைத் தருகிறார்: விசர் (அக்கா, வாய்மொழி). இவ்வாய்வு அதையே கலைச்சொல்லாகக் கொள்கிறது.

மலைவிசரின் வகைகள் பின்வருமாறு. பாற்கட்டி ஏக்கம்: இல்லை. நேரம் தவறாத ரயிலை எண்ணி ஏங்குதல்: உண்டு; சுவிஸுக்குப் போகாதவர்களுக்கும் உண்டு. குளிர் ஏக்கம்: உச்சி வெயிலில் இதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது (அக்கா, குசினிக் குறிப்புகள், தேங்காய் திருவு படலம்).

இசைவழி ஏக்கம்: மலை இடையர்கள் மாடு அழைக்கும் பாட்டைக் கேட்டால் சுவிஸ் கூலிப்படையினர் அழுவார்கள், படையைவிட்டு ஓடுவார்கள், செத்தும் போவார்கள், ஆகவே அதை இசைத்தால் மரணதண்டனை என்று இருந்ததாக ரூசோ தமது 1768-ஆம் ஆண்டு இசை அகராதியில் எழுதுகிறார். பாட்டுக்கு நான் எங்கே போவேன்? பக்கத்து வீட்டு ஆட்டின் கழுத்துமணியை வைத்துச் சோதித்தேன். ஆடு என்னைப் பார்த்தது. நான் ஆட்டைப் பார்த்தேன். அழுகை வரவில்லை.

அடுத்தது காற்றழுத்தம். சூரிச் நகரத்து மருத்துவர் ஷொய்க்சர் 1705-இல் ஒரு கொள்கை சொன்னார். மலையில் மெல்லிய காற்றில் வளர்ந்த உடம்பு, சமதரைக்கு இறங்கியதும் கனத்த காற்றின்கீழ் நசுங்குகிறது, இரத்தம் ஓடத் திணறுகிறது, அதுதான் நோய். இதை எல்லாரும் சிரித்துவிட்டுப் போகிறார்கள். கணக்குப் பார்த்தவர் யார்? நான் பார்த்தேன். பேர்ண் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 540 மீற்றர் உயரம். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு இறங்கினால் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரின்மேலும் சுமார் 64 கிராம் காற்று கூடுகிறது. என் வழுக்கையைத் தையல் நாடாவால் அளந்ததில் 200 சதுர சென்ரிமீற்றர் வந்தது (மச்சான் பிடித்த நாடா, முதல் அளவையில் 230, அதில் நெற்றியையும் சேர்த்துவிட்டார் என்ற என் ஆட்சேபத்தின்பேரில் மீளளவை, இரண்டுக்கும் இடையே அவர் சொன்னது இங்கு பதிப்பிக்கத் தக்கதன்று). பெருக்கினால் 12.8 கிலோ. நம்மூர்ப் பெரிய காஸ் சிலிண்டருக்குள் இருக்கும் எரிவாயு 12.5 கிலோ. ஆக, விமானம் இறங்கிய நாள் முதல் ஒரு சிலிண்டர் காஸைத் தலையில் சுமந்துகொண்டு திரிகிறேன். உள்ளேயிருந்தும் அதே அழுத்தம் தள்ளுமே என்று கேட்ட மருமகன் விஞ்ஞானப் பிரிவில் படிப்பவன். அவனது மறுப்பு தனியாக ஆராயப்படும்.

ஷொய்க்சர் சொன்ன மருந்து இரண்டு. ஒன்று வெடியுப்பு சாப்பிடுவது. அதை அக்கா அனுமதிக்கவில்லை. மற்றது, நோயாளியைக் குன்றிலோ கோபுரத்திலோ ஏற்றி வைப்பது. இதற்கு இலக்கியச் சான்றும் உண்டு. 1880-இல் யொஹானா ஷ்பீரி எழுதிய ஹைடியின் கதையில், பிராங்பேர்ட்டில் விடப்பட்ட மலைநாட்டுச் சிறுமி மலை தெரியுமா என்று தேவாலயக் கோபுரத்தில் ஏறிப் பார்க்கிறாள். கூரைகளும் புகைபோக்கிகளும்தான் தெரிகின்றன. ஷொய்க்சரை நம்பலாமா என்று கேட்போருக்கு: அதே பேரறிஞர் 1726-இல் ஒரு எலும்புக்கூட்டைக் காட்டி, நோவா காலத்து வெள்ளத்தில் மாண்ட மனிதன் என்று நிறுவினார். பின்னாளில் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே சுரண்டிப் பார்த்தபோது அது தவளைக்கு உறவான ராட்சத சலமாண்டர். அந்த இனத்துக்கே ஷொய்க்சரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பிழையாகவேனும் உறுதியாகச் சொல்லிவிட்டால் பெயர் நிலைக்கும் என்பதைத் துறைசார் அறிஞர் பலர் அறிவர்.

தமிழாய்வு என்றால் தொல்காப்பியர் வரவேண்டும். குறிஞ்சிக்குப் புணர்தல், நெய்தலுக்கு இரங்கல். சுவிஸ் குறிஞ்சி, யாழ்ப்பாணம் மூன்று பக்கமும் உப்புநீர். குறிஞ்சியிலிருந்து இறக்கி நெய்தலில் விட்டால் மனிதன் இரங்காமல் என்ன செய்வான்? பேர்ணில் இருந்த 23 வருடமும் கீரிமலையை நினைத்து ஏங்கினேனே, அது எப்படி என்றால், திணைமயக்கம். இவ்வொரு சொல்லால் எத்தனையோ ஆய்வேடுகள் கரையேறியுள்ளன.

ஹோஃபரின் ஏட்டில் பேர்ணைச் சேர்ந்த மாணவன் ஒருவன் வருகிறான். பாசலில் அவன் சாகக் கிடக்கிறான். ஊருக்கு அனுப்புகிறோம் என்று வண்டியில் ஏற்றியதும், பாதி வழியிலேயே சுகம். இன்று அது ரயிலில் ஒரு மணித்தியாலம். அதே பேர்ணுக்கு என்னையும் அனுப்பலாமா என்று விசாரித்தேன். விசா, சிலவு, மூட்டுவலி என்ற மூன்று தலைப்புகளில் பதில் வந்தது (அக்கா, மேற்படி குறிப்புகள், விரிவாக்கப்பட்ட பதிப்பு, மருமகனுக்கு முன்னால்).

ஆகவே மொட்டைமாடிக்கு மேலே உள்ள தண்ணீர்த் தாங்கியில் ஏறுகிறேன். தரையிலிருந்து 30 அடி. என் கணக்கின்படி வழுக்கையில் சுமார் 200 கிராம் குறைகிறது. அங்கிருந்து பார்த்தால் பனந்தலைகளும் ரெலிபோன் கோபுரங்களும் தெரியும். ஐப்பசியில், பின்னேரம் தெற்கே முகில் குவிந்தால், பத்து நிமிடத்துக்கு ஐகர் மலை தெரியும். பக்கத்தில் மோன்ஷ், யுங்ஃபிராவ். பிறகு கரைந்துவிடும், மழையும் வரும்.

அந்தப் பத்து நிமிடத்துக்குக் கீழே யாரும் தண்ணி மோட்டரைப் போடவேண்டாம் என்று வீட்டாரைக் கேட்டுக்கொள்கிறேன். தாங்கி நிரம்பி வழிந்தால் கால் வழுக்கும்.